ஜான்சன் சாருக்கு நாலு மணிக்கு ரிப்போர்ட்

பிப்ரவரி 24, செவ்வாய்

குளிர். வெயில் அடிக்கிறது, ஆனால் எதற்கும் உதவாத வெயில். நடைபாதை ஓரத்தில் போன வாரப் பனி கறுத்துக் கிடக்கிறது. இன்று செய்ய வேண்டியவை: ஹீட்டர் சத்தம் பற்றி அப்பார்ட்மென்ட் லீசிங் ஆபீசுக்கு மெயில், சாஃப்ட்வேர் ரிலீஸுக்கு முந்தைய டெஸ்டிங் ரிப்போர்ட், தயிருக்கு உறை. தயிர் மட்டும் நடந்தது.

காபி போடும்போது போன். தெரியாத நம்பர். ஒரு அம்மாள், ஆங்கிலத்தில்: எதற்கு என்னை இத்தனை தடவை கூப்பிடுகிறாய்? நான் கூப்பிடவே இல்லை என்றேன். உன் நம்பர் என் போனில் இருக்கிறது, பொய் வேறு சொல்கிறாயா என்று வைத்துவிட்டாள். மதியத்துக்குள் இன்னும் பல பேர். ஒரு ஆள் கெட்ட வார்த்தை. ஒரு ஆள் மிகவும் மரியாதையாக, என் பெயரை உங்கள் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள் சார் என்றான். என்னிடம் இருக்கிற ஒரே லிஸ்ட் மளிகை லிஸ்ட்.

போன் கம்பெனிக்குப் பேசினேன். நெடுநேரம் பாட்டு. பிறகு ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். மோசடிக்காரர்கள் எங்கோ உட்கார்ந்து கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிடுகிறார்கள். எதிராளியின் திரையில் தங்கள் நம்பருக்குப் பதில் வேறு யாருடைய நம்பரையாவது காட்டுகிறார்கள். இப்போது அது என் நம்பர். திருப்பிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் நேராக என்னிடம் வந்து சேருகிறார்கள். நிறுத்த வழி கிடையாதாம். கொஞ்ச நாளில் அவர்களாகவே வேறு நம்பருக்குப் போய்விடுவார்கள், இல்லாவிட்டால் நீங்கள் நம்பரை மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

மாற்றுவதா. பேங்க், மெயில், கிரீன் கார்டு ஃபைல், டாக்டர், பார்க்கிங் எல்லாம் இந்த நம்பரில்தான் தொங்குகின்றன. வேண்டாம் என்றேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். கேட்டுத்தான் ஆக வேண்டும், அவர்களுக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இருந்தும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இல்லை என்றேன்.


பிப்ரவரி 25, புதன்

மழை. ஜன்னலுக்கு வெளியே ஜெர்சி சிட்டி ஜர்னல் ஸ்கொயர் முழுக்கக் குடைகள். வீட்டிலிருந்தே வேலை. காலை மீட்டிங்கில் எல்லாரும் கேமரா அணைத்திருந்தார்கள். என் முறை வந்ததும் "நோ ப்ளாக்கர்ஸ்" என்றேன், வேலையில் தடங்கல் இல்லை என்று அர்த்தம். நாள் முழுக்க ஆபீசில் நான் பேசியது அவ்வளவுதான்.

போனில் அப்படியில்லை. கூப்பிடுகிறவர்கள் மூன்று ரகம். திட்டிவிட்டு வைப்பவர்கள். வக்கீல், போலீஸ் என்று மிரட்டிவிட்டு வைப்பவர்கள். மூன்றாவது ரகம், நான் நடந்ததை விளக்கியதும் "அடப் பாவமே, உன்னையும் இழுத்துவிட்டார்களா" என்று நின்று பேசுபவர்கள். இன்று ஒரு கிழவர், பாட்டர்சனிலிருந்து. திட்டத்தான் கூப்பிட்டார். பத்து நிமிஷத்தில் அவருடைய முட்டி ஆபரேஷன், அடுத்த வீட்டு நாய், மருமகள் சமைக்கும் பாஸ்தா எல்லாம் தெரிந்துவிட்டது. வைக்கும்போது "டேக் கேர், மை ஃப்ரெண்ட்" என்றார்.

யாழினிக்கு மெசேஜ் போட்டேன், இந்த மாதிரி நடக்கிறது என்று. ஆஸ்டினில் க்ளாஸுக்கு நடுவில் இருப்பாள். பதில் வர மதியம் ஆயிற்று: "அப்பா ஜஸ்ட் டோன்ட் பிக் அப்." கூடவே ஒரு சிரிப்பு முகம்.

சரியான யோசனைதான். ஆனால் எடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எடுக்கிறேன். ஏன் என்று இங்கேயாவது எழுதலாம். சாந்தியோடு விவாகரத்து முடிந்து அவள் சான் ஹோசே போய் இரண்டு வருஷம். மகள் யா. காலேஜ் போய் ஒன்றரை வருஷம். அதற்குப் பிறகு இந்தப் போன் இவ்வளவு அடித்ததே இல்லை.


பிப்ரவரி 26, வியாழன்

மழை விட்டுவிட்டது. மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

லஞ்ச் முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போன். இளம் பெண் குரல், மூச்சு வாங்க, தட்டுத்தடுமாறி ஆங்கிலம்: "சார், ஐ டிட் நாட் கட் சார். சிக்னல் ப்ராப்ளம் சார். ஐ யாம் ஹியர் ஒன்லி சார். ப்ளீஸ் சார்." பிறகு போனை லேசாக விலக்கி, தனக்குள்: "ஆத்தா, காப்பாத்து."

"தமிழாம்மா?" என்றேன்.

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. தமிழ் கேட்டதும் இன்னும் அதிகமாயிற்று.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. பெயர் மகேஸ்வரி. தேனிப் பக்கம். கல்யாணமாகி இங்கே பக்கத்து ஊர் எடிசனுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவனின் விசாவில் வந்திருக்கிறாள், வேலை பார்க்க முடியாது, கார் ஓட்டத் தெரியாது. காலையில் இமிக்ரேஷன் ஆபீசர் என்று ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். திரையில் என் நம்பர். அவளுடைய பேப்பரில் தப்பு இருக்கிறது, கேஸ் போட்டாயிற்று, வாசலைத் தாண்டக் கூடாது, கணவனிடம் சொன்னால் அவன் விசாவும் ரத்து, போனை வைக்கக் கூடாது, வைத்தால் தப்பி ஓடியதாகக் கணக்கு. அபராதத்தைப் போனிலேயே கட்டலாம், கார்டு நம்பர் சொன்னால் போதும். காலையிலிருந்து அவன் பிடியிலேயே இருந்திருக்கிறாள். கார்டு எடுக்க உள் அறைக்குப் போனபோது லைன் அறுந்துவிட்டது. பயந்துபோய்த் திருப்பிக் கூப்பிட்டாள். நான் எடுத்தேன்.

"அம்மா, இது ஃப்ராடுங்க. அப்படி ஒரு கேஸே கெடையாது. நான் ஆஃபீசர் இல்லைங்க, சாதாரண ஆளு. என் நம்பரை எவனோ யூஸ் பண்றான்."

மிகவும் சின்னக் குரலில்: "இப்புடி ஒருத்தர் சொல்லுவாரு, அது டெஸ்டு, அதுல ஏமாந்தா தண்டனை ஜாஸ்தின்னு அந்த சார் சொன்னாரு. நான் ஏமாற மாட்டேன் சார். கார்டு எடுத்துட்டேன். நம்பர் சொல்லட்டுமா?"

பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கூகுளில் பாருங்கள் என்றேன். வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள் என்றேன். கணவன் பேச்சை எடுத்ததும் இன்னும் அழுதாள். "இல்ல சார், அவுககிட்ட சொல்ல மாட்டேன் சார், ப்ராமிஸ் சார்." என்னிடம் சத்தியம் செய்கிறாள். நான் போனை வைத்தால் அடுத்த நிமிஷம் அவன் கூப்பிடுவான், கார்டு நம்பரைச் சொல்லிவிடுவாள். அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"ஓக்கே மகேஸ்வரி. யூ பாஸ்டு த டெஸ்ட்."

"சார்?"

"நான் சீனியர் ஆஃபீசர். உங்க கேஸ் இப்ப என்கிட்ட வந்திருக்குது. ஃபைல் பாத்துட்டேன். உங்க மேல தப்பு இல்லை. கேஸ் க்ளோஸ்."

"நெசமாவா சார்? நீங்க தமிழா சார்?"

"நம்ம ஆளுங்க எல்லா எடத்துலயும் இருக்கறாங்கம்மா."

பெயர் கேட்டாள். ஜான்சன் என்றேன். அமெரிக்காவிலும் செல்லும், நாகர்கோவிலிலும் செல்லும். எப்படி அவ்வளவு சீக்கிரம் வாயில் வந்ததோ.

ஆர்டர் போட்டேன். ஒன்று, இனி எந்தத் தெரியாத போனையும் எடுக்கக் கூடாது, இதே நம்பரிலிருந்து வந்தாலும் எடுக்கக் கூடாது. இரண்டு, கார்டை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். மூன்று, நடந்ததெல்லாம் இன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். சரி சார், சரி சார் என்று ஒவ்வொன்றுக்கும். "பேப்பர் ஏதாச்சும் வருமா சார், கேஸ் முடிஞ்சுச்சுன்னு?" என்று கேட்டாள். வரும், கொஞ்ச நாளாகும் என்றேன். ஆபீஸ் என்றால் பேப்பர் இல்லாமலா.

கடைசியில் நானாக ஒன்று சேர்த்தேன். "வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு நாளைக்கு நாலு மணிக்கு எனக்கு ரிப்போர்ட் பண்ணுங்க."

அவள் சொன்னாளா என்று தெரிந்துகொள்ளத்தான். அவளுடைய நல்லதுக்குத்தான்.

ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன். சாயங்காலம் பருப்பு சாதம், அப்பளம். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பளம் பொரித்தேன்.


பிப்ரவரி 27, வெள்ளி

மேகம். ரிலீஸ் தள்ளிப் போய்விட்டது, நல்லதாயிற்று. திட்டுகிற போன்கள் குறைந்திருக்கின்றன.

நாலு மணி மீட்டிங்கை மூன்றரைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்று காரணம்.

சரியாகக் கூப்பிட்டாள். "சார், மகேஸ்வரி பேசுறேன் சார். ரிப்போர்ட் சார்." வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்றா? இல்லை. சொல்லலாம் என்று இருந்தாளாம், அவர் களைத்துப்போய் வந்தாராம். மன்ஹாட்டனுக்கு ரயில். இருட்டில் போய் இருட்டில் வருகிறார். சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்.

"மகேஸ்வரி, இது ஆர்டர்."

"தெரியும் சார். கோவிச்சுக்காதீங்க சார். சொல்லிருவேன்."

கோபிக்கவில்லை என்றேன். அதன்பிறகு வைத்திருக்கலாம். சாப்பிட்டாயா என்று கேட்டேன். எந்த ஆஃபீசர் அதைக் கேட்பான். அவளுக்கு அது வித்தியாசமாகப்படவில்லை. ரசமும் முட்டையும் என்றாள். இங்கே புளி சரியில்லை என்றாள். எந்தக் கடை, எந்த பிராண்டு என்று சொன்னேன். ஐந்தாம் மாதம், வாந்தி நின்றுவிட்டது, ஆனால் காபி வாசம் ஆகவில்லை. ஜன்னலிலிருந்து பார்க்கிங் லாட் மட்டும் தெரியுமாம். எந்தக் காருக்கு யார் சொந்தக்காரர் என்று எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள். சிரித்தாள்கூட.

"நாளைக்கு சனிக்கிழமை, உங்களுக்கு லீவுதான சார்? திங்கக்கிழமை ரிப்போர்ட் பண்ணட்டுமா?"

பண்ணுங்க என்றேன்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. திங்களன்று சொல்லலாம்.


பிப்ரவரி 28, சனி

வெயில், காற்று. கார் எடுத்துக்கொண்டு எடிசனில் ஓக் ட்ரீ ரோடு, இந்தியக் கடைகள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், முறுக்கு, தேவையில்லாத ஒரு மிக்ஸர். வழக்கமாக ஜெர்சி சிட்டியிலேயே வாங்குவேன். எடிசன் வரை போகத் தேவையே இல்லை.

கடைக்குள் வயிறு கொஞ்சம் தெரிகிற பெண் யாராவது தென்பட்டால் பார்த்தேன். கூட வரும் கணவனையும் பார்த்தேன். பக்கத்தில் போய் குரல் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம். வெட்கமாகிவிட்டது. புளி அலமாரி முன்னால் நின்று, நான் சொன்ன பிராண்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

வரிசையில் பின்னால் ஒரு பையன் அவன் அம்மாவிடம்: "அம்மா, வை இஸ் தட் அங்கிள் ஸ்மைலிங்?"

வீட்டுக்கு வந்து போனை சார்ஜில் போட்டேன். யாரும் கூப்பிடவில்லை.


மார்ச் 1, ஞாயிறு

மறுபடி குளிர். துணி துவைத்தேன். யா.வோடு வீடியோ கால். முடியை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறாள். எப்போது வெட்டினாய் என்றேன், ஜனவரியில் என்றாள்.

மகேஸ்வரி கதையைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், அப்பா எவ்வளவு சாமர்த்தியம் என்று அவள் சொல்லப்போகிறாள் என்ற நினைப்பில். அவள் தமிழைப் புரிந்துகொள்வாள், பதில் ஆங்கிலம். ஜான்சன் வரை சிரித்தாள். நாலு மணி ரிப்போர்ட் என்றதும் சிரிப்பு நின்றது.

"வெயிட். நீங்க அவளை டெய்லி கால் பண்ணச் சொன்னீங்களா?" இது தமிழிலேயே வந்தது. கோபம் வந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

அவள் சொன்னதன் சாரம்: அவர்கள் செய்ததும் இதுதான். ஆஃபீசர் மாதிரி பேசினார்கள், பயப்பட வைத்தார்கள், சொன்னபடி கேட்க வைத்தார்கள். நீங்கள் பணம் கேட்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். "இட்ஸ் க்ரீப்பி, அப்பா." நாளைக்கே சொல்லிவிடுங்கள்.

எனக்குச் சுருக்கென்றது. உனக்கென்ன தெரியும், அவள் அன்றைக்கு எப்படி அழுதாள் தெரியுமா என்று நானும் சத்தம் போட்டேன். பெற்ற மகளிடம் ஜான்சனுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவள் குரல் இறங்கி, அங்கே உங்களோடு பேச யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். நிறைய பேர் இருக்கிறார்கள் என்றேன். பெயர் கேட்கவில்லை, நல்லவேளை.


மார்ச் 2, திங்கள்

இன்றைய வானிலை கவனிக்கவில்லை.

நாலு மணி. ரிப்போர்ட். உற்சாகமாக இருந்தாள். காலையில் அதே நம்பரிலிருந்து மறுபடி மறுபடி கால் வந்ததாம், ஆர்டர்படி எடுக்கவே இல்லையாம். அவன்தான், என் நம்பரை மாட்டிக்கொண்டு. "நான் கரெக்டா செஞ்சேனா சார்?" வெரி குட் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். எனக்கும்.

சொல்லிவிடுவோம் என்று "மகேஸ்வரி, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன்.

"எனக்கும் ஒண்ணு கேக்கணும் சார். தப்பா எடுத்துக்காதீங்க. பேப்பர் எப்ப சார் வரும்?"

"எதுக்கும்மா?"

"புதன்கெழமை ஸ்கேன் இருக்கு சார். அதான், வெளிய போலாமான்னு."

புரியவில்லை. கேட்கக் கேட்கத்தான் புரிந்தது. அவன் வாசலைத் தாண்டாதே என்று சொன்னான் அல்லவா. கேஸ் முடிந்தாலும் பேப்பர் கையில் வருகிறவரை தாண்டக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறான். நான் கேஸை முடித்தேன். பேப்பர் வரும், கொஞ்ச நாளாகும் என்றேன். அன்றிலிருந்து அவள் பேப்பருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். குப்பை போடக்கூடக் கீழே இறங்கவில்லை. சனிக்கிழமை ஸ்கேனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். கணவன் கிளம்பி, சாவியோடு நின்றிருக்கிறான். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். திட்டினானாம். ஸ்கேனைப் புதனுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

"அஞ்சாம் மாசம் பாக்கிறதுதான் முக்கியமான ஸ்கேன்னு டாக்டர் சொன்னாங்க சார். ஒரு மணி நேரம் மட்டும் பர்மிஷன் குடுத்தீங்கன்னா போயிட்டு ஓடி வந்துருவேன்."

சனிக்கிழமை. நான் ஓக் ட்ரீ ரோட்டில் புளி பார்த்துக்கொண்டிருந்த சனிக்கிழமை.

உட்கார்ந்துவிட்டேன். "மகேஸ்வரி, நான் ஆஃபீசர் இல்லைங்க."

"சார்?"

"என் பேரு ஜான்சன் இல்லைங்க, துரைசாமி. மொதல் நாள் சொன்னேனல்லங்க, என் நம்பரை எவனோ யூஸ் பண்றான்னு, அதுதான் நெசம். நீங்க நம்பலைன்னு நான் பொய் சொன்னேன். கேஸும் இல்லை, பேப்பரும் இல்லை. யார் பர்மிஷனும் வேண்டாம். நீங்க எங்க வேணும்னாலும் போலாம்."

பின்னால் குக்கர் விசில்.

"அப்ப இத்தன நாள் நான் யாருகிட்ட பேசினேன்?"

இதற்கு ஒரு பதில் யோசித்து வைத்திருக்க வேண்டும். "ஜெர்சி சிட்டில இருக்கறேனுங்க. ஐடிதான். தனியா இருக்கறேன்." கடைசியில் அந்த வார்த்தையை ஏன் சொன்னேன்.

வைத்துவிட்டாள்.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்க மாட்டாள், எடுக்காதே என்று நான்தான் ஆர்டர் போட்டிருக்கிறேன்.


மார்ச் 3, செவ்வாய்

வெயில். நாலு மணிக்குப் போன் வரவில்லை.

பயமாக இருக்கிறது. கேஸ் முடிந்தது பொய் என்றால் கேஸ் இன்னும் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டால்? அவன் இன்று கூப்பிட்டு, அவள் எடுத்து, உண்மையான ஆஃபீசர் இவர்தான் என்று கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டால்? நாளைக்கு ஸ்கேனுக்கும் போகாவிட்டால்? தைரியமாக இருந்தவளை நான்தான் மறுபடி நடுத்தெருவில் விட்டிருக்கிறேன்.

என்ன செய்யலாம். எடிசன் போலீசுக்குச் சொல்லி, போய்ப் பார்க்கச் சொல்லலாம். கைது என்ற நினைப்பிலேயே கிடக்கும் பெண் வீட்டுக் கதவை போலீஸ் தட்டினால் என்னாகும். அதுவும் எந்த வீடு. தேனி, ஐந்தாம் மாதம், ஜன்னலில் பார்க்கிங் லாட். கணவன் பெயர்கூடத் தெரியாது. ஒரு தடவைகூட அவள் பெயர் சொல்லவில்லை. அவுக, அவுக, அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. புளி பற்றிக் கேட்டேன், காபி பற்றிக் கேட்டேன்.

ஒரு மெசேஜ் அனுப்பினேன், தங்கிலீஷில். ஸ்கேனுக்குப் போங்கள், வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், எனக்குப் பதில் போட வேண்டாம் என்று. கீழே துரைசாமி என்று போட்டேன். படித்துப் பார்த்தால் அதுவும் ஆர்டர் மாதிரிதான் இருக்கிறது.

டெஸ்டிங்கில் ஒரு பெரிய பிழையைத் தவறவிட்டேன். மானேஜர், "எவ்ரிதிங் ஓக்கே?" என்று சாட்டில் கேட்டார். தம்ப்ஸ் அப் போட்டேன்.


மார்ச் 4, புதன்

சாயங்காலம் தெரியாத நம்பர். ஆண் குரல், தமிழ்.

"ஜான்சன்னு சொன்னது நீங்கதானா?"

ஆமாம் என்றேன். கணவன். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், நம்பர் திருடியது, அவள் அழுதது, கார்டு, பேப்பர். எனக்குச் சாதகமில்லாததையும் சொன்னேன். நாலு மணியையும் சொன்னேன். அவன் பக்கம் ரயில் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமை நான் வீட்டுக்குள்ள நுழையறேன், தரையில உக்காந்து அழுதுட்டு இருக்கா சார். அப்பத்தான் எல்லாம் சொன்னா." "ஒரே வீட்டுல இருக்கேன். எங்கிட்ட சொல்லாதத உங்ககிட்ட சொல்லிருக்கா."

"பயத்துலதான் தம்பி."

"அந்தப் பயத்துக்கு நானும் ஒரு காரணந்தான."

பிறகு: "உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்றதா, உங்க மேல கம்ப்ளெய்ண்ட் குடுக்கறதான்னு எனக்குத் தெரியல சார். ரெண்டு நாளா யோசிக்கிறேன்."

"ரெண்டும் சரிதான் தம்பி."

"ஒண்ணு மட்டும் பண்ணுங்க. இந்த நம்பர மாத்திருங்க. இதப் பாத்தாலே போனக் கவுத்து வச்சிர்றா. நான் ப்ளாக் பண்ணிட்டேன். இருந்தாலும் மாத்திருங்க."

மாற்றிவிடுகிறேன் என்றேன். ஸ்கேன் என்னாச்சு என்று கேட்கலாமா, எனக்கு என்ன உரிமை என்று யோசித்து, கேட்டே விட்டேன்.

சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்திருப்பான்.

"காலையில போயிட்டு வந்தோம். நல்லா இருக்கு."

வைத்துவிட்டான். அடுப்படியில் நின்றபடியே அழுதேன். பாதி சந்தோஷம். மீதி என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும்.


மார்ச் 5, வியாழன்

தூறல். லஞ்சில் போன் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், ஏன் மாற்றுகிறீர்கள் என்றாள். மோசடிப் போன் கால்கள் என்றேன். எல்லாருக்கும்தான் வருகிறது என்றாள். ஆமாம் என்றேன்.

புது நம்பர் வந்துவிட்டது, இன்னும் மனப்பாடமாகவில்லை. சொல்ல வேண்டியவர்கள்: பேங்க், மெயில், கிரீன் கார்டு வக்கீல் ஆபீஸ், டாக்டர், லீசிங் ஆபீஸ், யா. மனிதர்கள் என்று பார்த்தால் கடைசி ஒன்றுதான்.

அதனால் முதலில் யா.வைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தெரியாத நம்பர், எடுக்கக் கூடாது, சரிதான். வாய்ஸ் மெசேஜ் விட்டேன்: "யாழினி, அப்பா பேசறேன். நம்பர் மாத்திட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். நீ சொன்னதுதான் சரி."

ஐந்து நிமிஷத்தில் மெசேஜ் வந்தது, ஆங்கிலத்தில். குரலைக்கூட இப்போது காப்பியடிக்கிறார்களாம். நீங்கள் உண்மையிலேயே என் அப்பா என்றால், அப்பாவுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்று சொல்லுங்கள். என்னைப் பற்றி.

நல்ல பெண். இப்படித்தான் இருக்க வேண்டும். சிரித்துக்கொண்டேதான் பதில் அடிக்க உட்கார்ந்தேன்.

நட்சத்திரம் ரோகிணி. அது ஜாதகத்தில் இருக்கிறது. நாலு வயதில் ஐஸ்கிரீம் வண்டி மணிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்தாள். அது சாந்திக்கும் தெரியும், ஊருக்கே தெரியும், வீடியோ இருக்கிறது. ரசத்தில் தக்காளி இருந்தால் ஒதுக்குவாள். இப்போதும் ஒதுக்குகிறாளா? தெரியவில்லை. பிடித்த நிறம் மஞ்சள், அது ஐந்தாவது படிக்கும்போது. ரூம்மேட் பெயர்? சொன்னாள், நினைவில்லை. முடியை ஏன் வெட்டினாள், நான் கேட்கவில்லை. என்ன படிக்கிறாள் என்று தெரியும், அது ஃபீஸ் கட்டுகிற எவனுக்கும் தெரியும்.

டீ ஆறிவிட்டது. அடித்ததை அழித்தேன். திரையில் அவள் மறுபடி: "ஹலோ?"

சாந்திக்குப் போன் பண்ணி ஏதாவது ஒன்று கேட்டுக்கொள்ளலாம் என்று நம்பரை எடுத்தேன். அவளுக்கும் இது தெரியாத நம்பர்.